உருளைக்கிழங்கில் முட்டைக்கூடு நூற்புழு: எதிர்ப்பு ரகம் எப்படி உதவும்?

நீலகிரியில் உருளைக்கிழங்கு பயிரிடும் விவசாயிகள் பலருக்கும் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. தோட்டம் முழுவதும் செடி பசுமையாக எழுந்து நிற்கும்போது, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் வட்டமாகவோ திட்டாகவோ செடிகள் குட்டையாக நின்றுவிடும். கீழ் இலைகள் மஞ்சளாகும். வெயில் ஏறும் வேளையில் தண்ணீர் இருந்தும் வாடித் தொங்கும். உரம் போதவில்லை போலும் என்று இன்னும் ஒரு கை உரம் போடுவார்கள். செடி தேறாது. தோண்டிப் பார்த்தால் கோலிக்குண்டு அளவில் நாலைந்து கிழங்குகள் இருக்கும். அடுத்த போகத்தில் அந்தத் திட்டு இரண்டு மடங்காகப் பரவியிருக்கும்; அதுவும் உழுத திசையிலோ, மழைத்தண்ணீர் இறங்கிய திசையிலோ நீண்டிருக்கும்.

இது உரக்குறைவு அல்ல. வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவின் வேலை. பொன் நூற்புழு என்றும் இதைச் சொல்வதுண்டு. 1961-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த நூற்புழு நிபுணர் ஜோன்ஸ் என்பவர் உதகமண்டலத்தை அடுத்த விஜயநகரம் பண்ணையில் இதைக் கண்டறிந்தார். இந்தியாவில் இது கண்டுபிடிக்கப்பட்டது அதுவே முதல் முறை. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைதான் உருளைக்கிழங்குக்கும் இந்தப் புழுவுக்கும் தாய்மண். அங்கிருந்து கிழங்கோடு ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து வந்த விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணோடு நம் மலைக்கு வந்திருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. எப்படி வந்திருந்தாலும், வந்த பின் முற்றிலும் ஒழிக்க முடியாத பூச்சிகளில் இது ஒன்று. இதைக் குறைத்து, அடக்கி வைத்துக்கொண்டு கிழங்கு சாகுபடி செய்யலாம். அதற்கு விவசாயியின் கையில் இருக்கும் முக்கியமான ஆயுதம் எதிர்ப்புச் சக்தி உள்ள ரகம். ஆனால் அந்த ஆயுதத்தை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்தால் சில ஆண்டுகளில் மழுங்கிப்போகும்.

புழுவின் வாழ்க்கை

எதிர்ப்பு ரகம் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள, முதலில் புழுவின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மண்ணில் இந்தப் புழு இருப்பது முட்டைக்கூடாக. செத்துப்போன பெண் புழுவின் உடலே கெட்டியான தோலாக இறுகி, முட்டைகளைப் பொதிந்து வைக்கும் கூடாக மாறிவிடுகிறது. அளவில் அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். கசகசாவை விடச் சிறியது, பழுப்பு நிறம், உருண்டை. ஒரு கூட்டுக்குள் 200 முதல் 500 முட்டைகள் வரை இருக்கும். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு குட்டிப் புழு சுருண்டு தூங்குகிறது. வெயில், உறைபனி, வறட்சி எதுவும் அதை எளிதில் ஒன்றும் செய்வதில்லை. கிழங்கே பயிரிடாமல் விட்டாலும் 20 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு கிடக்கும் முட்டைகள் உண்டு.

அந்தத் தூக்கத்தைக் கலைப்பது உருளைக்கிழங்கின் வேர்தான். வளரும் வேரிலிருந்து கசியும் ஒருவகைச் சாறு மண் ஈரத்தில் கரைந்து கூட்டை எட்டியதும், முட்டைகள் பொரிந்து குட்டிப் புழுக்கள் வெளிவருகின்றன. கண்ணுக்குத் தெரியாத நூல் போன்ற இந்தக் குட்டிகள் வேர் நுனியை ஒட்டித் துளைத்து உள்ளே நுழைகின்றன. நுழைந்த பிறகு அங்கும் இங்கும் மேய்வதில்லை. ஓரிடத்தில் தலையை ஊன்றி, அந்த இடத்து வேர்ச்செல்களில் தன் உமிழ்நீரைச் செலுத்துகின்றன. உடனே பக்கத்துச் செல்கள் சுவர் கரைந்து ஒன்றாகிப் பெருத்து, புழுவுக்கு உணவு ஊட்டும் தொட்டி போல ஆகிவிடுகின்றன. செடி தன் கிழங்குக்கு அனுப்ப வேண்டிய சத்தை இந்தத் தொட்டிக்கு அனுப்பத் தொடங்குகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குட்டி பிறக்கும்போதே ஆண், பெண் என்று முடிவாகிவிடுவதில்லை. நிறைய உணவு கிடைத்தால் பெண்ணாகிறது. உணவு குறைந்தால் ஆணாகிறது. பெண் புழு முட்டைகளைச் சுமக்க வேண்டியிருப்பதால் அதற்குத் தீனி அதிகம் தேவை. அது வளர வளரப் பந்து போல உப்பி, வேரின் தோலைக் கிழித்துக்கொண்டு உடலை வெளியே தள்ளும். தலை மட்டும் வேருக்குள் இருக்கும். ஆண் புழு மீண்டும் நூல் போல மெலிந்து, வேரை விட்டு வெளியே வந்து, பெண்ணைத் தேடிச் சேர்ந்த பின் இறந்துவிடும். பெண்ணும் இறந்து கூடாக மாறி மண்ணில் உதிரும். அறுவடைக்கு முன்பே இவ்வளவும் முடிந்துவிடுகிறது.

தோட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

செடி பூக்கும் சமயத்தில், நட்ட 60 நாளை ஒட்டி, சந்தேகப்படும் இடத்தில் ஒன்றிரண்டு செடிகளை வேர் அறுந்துவிடாமல் மண்ணோடு பெயர்த்தெடுக்க வேண்டும். பிடுங்கினால் பயன் இல்லை. மெல்லிய வேர்களும் அவற்றில் ஒட்டியுள்ள புழுவும் மண்ணிலேயே நின்றுவிடும். மண்ணை மெதுவாக உதறி, வேரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், குண்டூசித் தலையை விடச் சிறிய மணிகள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். வெள்ளையாகத் தோன்றிப் பிறகு பொன் மஞ்சள் நிறமாகி, கடைசியில் பழுப்பாவது ஓர் இனம். மஞ்சளாகாமல் வெள்ளையிலிருந்து நேரே பழுப்பாவது இன்னோர் இனம். நீலகிரியில் இந்த இரண்டு இனமும் உண்டு; பல தோட்டங்களில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. இந்த வேற்றுமை ஏன் முக்கியம் என்பது பின்னால் தெரியும்.

செடி இல்லாத காலத்தில் மண்ணைக் கொண்டும் சோதிக்கலாம். தோட்டத்தின் பல இடங்களிலிருந்து, நாலைந்து அங்குல ஆழத்தில், கைப்பிடி மண் எடுத்துக் கலந்து நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். உலர்ந்த மண்ணைத் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் போட்டுக் கலக்கினால், மண் அடியில் தங்கும்; காய்ந்த கூடுகள் இலைத்தூள், வேர்த்துணுக்குகளோடு மேலே மிதக்கும். மிதப்பதை வெள்ளைத் துணியில் வடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் உருண்டைக் கூடுகள் தென்படும். ஆய்வகத்தில் செய்வதும் அடிப்படையில் இதே முறைதான். ஆனால் எத்தனை முட்டை, எந்த இனம், உயிருள்ளவை எவ்வளவு என்பதை நிபுணர்கள்தான் சொல்ல முடியும். உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 1957 முதல் இயங்கிவரும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தை இதற்கு அணுகலாம்.

மருந்து மட்டும் போதாதா?

புழு கண்டறியப்பட்ட காலத்தில் எல்லோரும் நம்பியது மருந்தைத்தான். மண்ணில் ஊசி போல் செலுத்தும் புகை மருந்துகளும், குருணை மருந்துகளும் சோதித்துப் பார்க்கப்பட்டன. மகசூல் கூடியது உண்மை. ஆனால் புழு போகவில்லை. காரணம் கூடுதான். வேரைத் தேடி வெளியே வந்த குட்டிகளை மருந்து கொல்லும். கெட்டித் தோலுக்குள் தூங்கும் முட்டையை எட்டுவது கடினம். மிஞ்சிய கொஞ்சம் முட்டை ஒரே போகத்தில் பழைய அளவுக்குப் பெருகிவிடும். நூற்புழுவுக்கென்று ஒரு காலத்தில் உலகெங்கும் பயன்பட்ட நெமகான் என்ற மருந்து, மனிதர்களுக்குக் கேடு விளைவிப்பது தெரிந்தபின் இந்தியாவிலும் தடை செய்யப்பட்டுவிட்டது. மலைச்சரிவில் போடும் நஞ்சு ஓடையில் இறங்கும் என்பதையும் மறப்பதற்கில்லை. அந்த ஓடைத்தண்ணீரைத்தான் கீழே உள்ள ஊர் குடிக்கிறது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு போகமும் குருணை மருந்து வாங்கும் செலவும் கட்டுப்படியாகாது. பழைய துண்டறிக்கையில் கண்ட மருந்தையோ, கடைக்காரர் சொல்லும் மருந்தையோ வாங்கிவிடாமல், இன்றைக்கு இந்தப் பயிருக்கு அனுமதி உள்ளதா என்பதைத் தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

எதிர்ப்பு ரகம் என்றால் என்ன?

எதிர்ப்பு ரகம் என்றால் புழு அதன் பக்கமே வராது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. எதிர்ப்பு ரகத்தின் வேரும் அதே சாற்றைக் கசியவிடுகிறது. முட்டைகள் அதே போலப் பொரிகின்றன. குட்டிகள் வேருக்குள் நுழையவும் செய்கின்றன. வேறுபாடு அதற்குப் பிறகுதான். புழு தலையை ஊன்றி உணவுத் தொட்டி கட்டத் தொடங்கியதும், எதிர்ப்பு ரகத்தின் வேர் அந்த இடத்தைச் சுற்றியுள்ள தன் செல்களைத் தானே சாகவிடுகிறது. தொட்டிக்கு வரும் வழி அடைபடுகிறது. பட்டினியால் பல குட்டிகள் இறந்துபோகின்றன. அரைகுறையாகத் தீனி கிடைத்தவை ஆணாகிவிடுகின்றன. பெண் புழுக்கள் மிகச் சிலவே தேறும், அல்லது ஒன்றுமே தேறாது. பெண் இல்லையென்றால் கூடு இல்லை. கூடு இல்லையென்றால் அடுத்த போகத்துக்கு முட்டை இல்லை.

அதாவது எதிர்ப்பு ரகம் என்பது வேலி அல்ல, எலிப்பொறி. வா என்று அழைத்து, உள்ளே விட்டுக் கொல்வது. இதுதான் அதன் பெருமை. கிழங்கல்லாத பயிரைப் போட்டால் முட்டைகள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தானாக அழியும், அவ்வளவுதான். எதிர்ப்பு ரகமோ தூங்குவதை எழுப்பிவிட்டுத் தீர்த்துக் கட்டுகிறது.

விளங்குவதற்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பிடி மண்ணில் 300 முட்டைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எதிர்ப்பு இல்லாத ரகத்தை நட்டு, அவற்றிலிருந்து 20 பெண் புழுக்கள் மட்டும் தேறினாலும், கூட்டுக்கு 300 வீதம் 6000 முட்டைகள் ஆகிவிடும். கிழங்கை நிறுத்தி முட்டைக்கோஸ், காரட் என்று போட்டால் 300 என்பது முதல் ஆண்டு முடிவில் 200, இரண்டாம் ஆண்டில் 130, மூன்றாம் ஆண்டில் 90 என்று இறங்கும். எதிர்ப்பு ரகத்தை நட்டால், பொரிந்த 200 முட்டைகளும் வாரிசு இல்லாமல் போய், ஒரே போகத்தில் 100 அளவுக்கு வந்துவிடும். மூன்று ஆண்டுகள் காத்திருந்து பெறும் பலனை ஒரு கிழங்குப் போகத்திலேயே, கிழங்கையும் விற்றுக்கொண்டே பெறலாம். எண்கள் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், போக்கு இதுதான்.

ஆனால் ஒன்று. பொறியில் எலி விழுந்தாலும் பொறிக்கும் அடி விழும். எதிர்ப்பு ரகத்தின் வேரிலும் ஆயிரக்கணக்கான குட்டிகள் துளைபோட்டு நுழைவதால், புழு மிக அதிகமாக உள்ள தோட்டத்தில் இந்த ரகமும் குட்டையாகி மகசூல் குறையும். புழுவைப் பெருகவிடாத குணம் வேறு. புழு தாக்கியும் தாங்கி விளையும் குணம் வேறு. இரண்டும் ஒரே ரகத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. இது தெரியாமல், புழு மண்டிய இடத்தில் எதிர்ப்பு ரகத்தை நட்டு, விளைச்சல் இல்லை என்று கைவிடுபவர்கள் உண்டு. அப்படிப்பட்ட தோட்டத்தில் இரண்டு மூன்று போகம் வேறு காய்கறி போட்டுப் புழுவைக் குறைத்த பின்பே எதிர்ப்பு ரகத்தை நட வேண்டும்.

இங்கிலாந்து கற்ற பாடம்

எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. புழுவும் கிழங்கும் ஒரே மலையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவை. ஆகவே புழுவை வெல்லும் கிழங்கும் அங்கேயே இருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்களின் எண்ணம். இங்கிலாந்தின் எல்லன்பி என்ற அறிஞர், தென் அமெரிக்காவிலிருந்து திரட்டி வைத்திருந்த கிழங்கு வகைகளை ஒவ்வொன்றாகப் புழு உள்ள மண்ணில் நட்டு வேரைச் சோதித்தார். 1952-இல் அவர் முடிவை வெளியிட்டார். ஆண்டீஸ் மலைநாட்டுக் கிழங்கு வகை ஒன்றில், 1673 என்ற எண் கொண்ட வரிசையில், வேரில் கூடு கட்டவே இல்லை. அந்தக் குணம் ஒரே ஒரு மரபணுவால் வருவது என்பது பின்னர் தெரிந்தது. ஒரே மரபணு என்றால் ஒட்டுக் கலப்பில் சந்ததிக்குக் கொண்டுசெல்வது எளிது. அதை ஏற்றி உருவாக்கிய மாரிஸ் பைப்பர் என்ற ரகம் 1966-இல் வெளிவந்தது. சந்தைக்கும் சமையலுக்கும் ஏற்றதாக இருந்ததால் பிரிட்டன் முழுவதும் பரவியது.

பொன் நிறப் புழு குறைந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்த மரபணு தடுத்தது பொன் நிற இனத்தின் சில பிரிவுகளை மட்டுமே. வெள்ளை இனம் அதே வேரில் தாராளமாக வளர்ந்தது. போட்டிக்கு ஆள் இல்லாத வீட்டில் புகுந்தது போல வெள்ளை இனம் பெருகி, பிரிட்டனில் இன்று பெரும் தொல்லையாக இருப்பது அதுதான். ஒரே ரகத்தை, ஒரே எதிர்ப்பை நம்பித் தொடர்ந்து பயிரிட்டதன் விளைவு இது.

நீலகிரியில் இரண்டு இனமும் முதலிலிருந்தே கலந்திருப்பதால், மாரிஸ் பைப்பர் போன்ற ரகம் நமக்கு உதவாது. இரண்டு இனத்தையும் தடுக்கும் கிழங்கு தேவை. அதற்கு உதவியது தென் அமெரிக்காவின் இன்னொரு காட்டுக் கிழங்கான வெர்னி. இதன் எதிர்ப்புக்குப் பின்னால் ஒன்றல்ல, பல மரபணுக்கள் உள்ளன. வெர்னியின் இரத்தம் கலந்த வெளிநாட்டு வரிசை ஒன்றை, நம் மலையில் நன்கு விளையும் குப்ரி ஜோதி ரகத்தோடு கலந்து உருவாக்கியதே குப்ரி ஸ்வர்ணா. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் இதை 1985-இல் நீலகிரிக்காக வெளியிட்டது. இரண்டு இனப் புழுவையும் எதிர்ப்பதோடு, பின்பருவக் கருகல் நோயையும் தாங்கும் குணம் இதற்கு இருந்தது. அதன் பின்னர் குப்ரி நீலிமா, குப்ரி சஹ்யாத்ரி ஆகிய ரகங்களும் தென்னக மலைகளுக்கென்றே, கருகல் நோய், நூற்புழு இரண்டையும் எதிர்ப்பவையாக வெளிவந்துள்ளன.

இவ்வளவு இருந்தும் 1968-இல் வெளிவந்த குப்ரி ஜோதியைப் பலர் இன்னும் விடுவதாக இல்லை. ஜோதி நல்ல ரகம்தான், வியாபாரிக்கும் பழக்கமானது. ஆனால் அதற்கு நூற்புழு எதிர்ப்பு கிடையாது. புழு உள்ள மண்ணில் ஜோதிக்குப் பின் ஜோதி என்று நடுவது, வட்டிக்கு வட்டி கட்டுவது போன்றது. மண்டியில் மூட்டைக்கு நாலு காசு கூடக் கிடைப்பதைப் பார்ப்பவர்கள், தோட்டத்தில் மூட்டை எத்தனை குறைகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

பயிர்ச் சுழற்சியில் எதிர்ப்பு ரகத்தின் இடம்

அப்படியானால் ஜோதியை அடியோடு விட்டு எப்போதும் ஸ்வர்ணாவையோ நீலிமாவையோ நடலாமா? அதுவும் கூடாது. கோடிக்கணக்கான புழுக்களில், எதிர்ப்பு ரகத்தின் வேரிலும் எப்படியோ தீனி தேடிக்கொள்ளும் புழுக்கள் சில இருக்கும். மற்றவை செத்துப்போக, இவை மட்டும் குட்டி போடும். அடுத்த போகமும் அதே ரகம் என்றால் அவற்றின் கூட்டம் பெருகும். வெர்னியின் எதிர்ப்புக்குப் பல மரபணுக்கள் இருப்பதால் ஒரே நாளில் உடைந்துவிடாது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். வெர்னி கலந்த ரகங்களைத் தொடர்ந்து பயிரிட்டபோது வெள்ளை இனம் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டதை ஐரோப்பாவில் நடந்த சோதனைகள் காட்டியுள்ளன.

ஆகவே எதிர்ப்பு ரகத்தைப் பயிர்ச் சுழற்சிக்குள் வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். இந்தப் புழு தின்பது உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி ஆகிய ஒரே குடும்பத்துச் செடிகளையே. காரட், முட்டைக்கோஸ், காலிபிளவர், பீட்ரூட், முள்ளங்கி, டர்னிப், பூண்டு, பீன்ஸ், பட்டாணி எதிலும் இது வளராது. மலையில் இவையெல்லாம் பணம் தரும் பயிர்கள்தான் என்பது நல்ல வாய்ப்பு.

நீலகிரியில் ஜனவரி–பிப்ரவரியில் பாசனப் பயிர், மார்ச்–ஏப்ரலில் கோடைப் பயிர், ஆகஸ்ட்–செப்டம்பரில் கார்காலப் பயிர் என மூன்று பருவங்களில் கிழங்கு நடுகிறார்கள். ஒரே நிலத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை கிழங்கு நடுவது புழுவுக்கு விருந்து வைப்பதாகும். புழு உள்ள நிலத்தில் ஆண்டுக்கு ஒரு கிழங்குப் போகத்துக்கு மேல் கூடாது. சிறு விவசாயி தன் நிலத்தை மூன்று, நான்கு துண்டாகப் பிரித்துக்கொண்டு, ஒரு துண்டில் மட்டும் கிழங்கு, மற்றவற்றில் காய்கறி என்று ஆண்டுதோறும் மாற்றிவந்தால் கிழங்கு வருமானமும் நிற்காது. ஒரு துண்டில் முதல் ஆண்டு எதிர்ப்பு ரகக் கிழங்கும், அது முடிந்ததும் முட்டைக்கோஸும். அடுத்த ஆண்டு காரட், பூண்டு. அதற்கடுத்த ஆண்டு பீன்ஸ் அல்லது பட்டாணி. பிறகு மீண்டும் கிழங்கு. இந்தச் சுற்று இரண்டு முறை வந்து, மண் சோதனையில் புழு வெகுவாகக் குறைந்திருந்தால், ஒரு முறை ஜோதியை நடலாம். அதனால் எதிர்ப்பை மீறும் புழுக்களுக்கு மட்டும் சலுகை கிடைப்பது தடுக்கப்படும். ஆனால் அடுத்த கிழங்கு மீண்டும் எதிர்ப்பு ரகமாகத்தான் இருக்க வேண்டும்; முடிந்தால் முன்பு நட்டது ஸ்வர்ணா என்றால் இம்முறை வேறொன்று.

சுழற்சியைக் கெடுக்கும் எதிரி தோட்டத்திலேயே இருக்கிறது. அறுவடையில் தப்பிய பொடிக்கிழங்கு, காரட்டுக்கும் கோஸுக்கும் நடுவே தானாக முளைத்து வருமே, அதுதான். போகட்டும், குழம்புக்கு ஆகும் என்று விட்டுவைப்பவர்கள் நிறையப் பேர். பழைய ஜோதியின் தப்புச்செடி ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான கூடுகளை மண்ணில் சேர்த்து, மூன்று ஆண்டுச் சுழற்சியின் பலனை வீணாக்கிவிடும். முளைத்த மூன்று நான்கு வாரத்துக்குள், வேரில் கூடு கட்டுமுன், வேரோடு எடுத்து அழித்துவிட வேண்டும். கத்தரிக் குடும்பத்துக் களைகளையும் இதே போல நீக்குவது நலம்.

விதையும் மண்ணும்

நூற்புழு தன் முயற்சியால் ஓராண்டில் ஓர் அடி தூரம்கூடப் போவது அரிது. அதை ஊர் ஊராகக் கொண்டுபோவது மனிதர்கள்தான். விதைக்கிழங்கின் கண்களில் ஒட்டிய மண், சாக்கு, மண்வெட்டி, உழும் இயந்திரத்தின் கொழு, வேலையாட்களின் செருப்பு எல்லாவற்றிலும் கூடு பயணம் செய்யும். இதற்காகவே நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக்கூடாது என்று 1971-இல் தமிழக அரசு தடை விதித்தது. நெடுநாள் வரை இது தென்னகத்து நோய் என்றே வடக்கே நினைத்திருந்தார்கள். இமாச்சலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், உத்தராகண்ட் ஆகிய இடங்களிலும் புழு கண்டறியப்பட்டதால், 2018-இல் அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்ல மத்திய அரசு தடை விதிக்க நேர்ந்தது. ஆகவே வடக்கிலிருந்து வரும் விதை என்பதற்காகவே அதைச் சுத்தமானது என்று கொள்ள முடியாது. விற்பவரிடம் சான்று கேட்பதில் தவறு எதுவும் இல்லை.

விதையை வாங்கும்போது மண் ஒட்டாத கிழங்காகப் பார்த்து வாங்க வேண்டும். பழைய சாக்குகளில் கட்டிய விதையை அப்படியே தோட்டத்தில் கொட்டி உதறக்கூடாது. புழு உள்ள துண்டில் வேலை முடித்ததும் மண்வெட்டியையும் செருப்பையும் அங்கேயே கழுவிவிட்டு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். வேலையைத் தொடங்குவதும் புழு இல்லாத துண்டிலிருந்து இருக்கட்டும். சரிவில் உள்ள தோட்டத்தில் மேல் படியில் புழு இருந்தால் மழைத்தண்ணீர் கீழ்ப்படிக்குக் கூடுகளை அடித்துவரும். வரப்பைச் சரிசெய்து, தண்ணீரை ஓரமாக வடித்துவிடுவது மண்ணுக்கும் நல்லது. பக்கத்துத் தோட்டக்காரரும் இதே போலச் செய்தால்தான் முழுப் பலன் கிடைக்கும் என்பதால், ஓர் ஊரில் ஒரே ஓடைச்சரிவில் உள்ளவர்கள் கூடிப் பேசி ஒரே சுழற்சியைக் கடைப்பிடிப்பது நன்று.

எதிர்ப்பு ரகத்தின் விதை, கேட்ட நேரத்தில் கேட்ட அளவுக்குக் கிடைப்பதில்லை என்பதே விவசாயிகளின் பெரிய குறை; அது நியாயமான குறைதான். ஆகவே நடவு நெருங்கியபின் தேடாமல், முந்திய போகத்தின் அறுவடையின்போதே தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலோ முத்தோரை நிலையத்திலோ விசாரித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கொஞ்சம் விதை கிடைத்தாலும், அதைத் தோட்டம் முழுவதும் பரப்பாமல், மஞ்சள் திட்டு விழுந்த துண்டில் நடுவதே சரி. மண் மாதிரி எடுக்கவும் அறுவடை முடிந்த அந்தச் சமயமே ஏற்றது. துண்டுக்கு ஒரு பையாகத் தனித்தனியே கட்டி, துண்டின் அடையாளம், கடைசியாக நட்ட ரகம், அதற்கு முந்திய மூன்று பயிர்கள் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்து அனுப்பினால், அந்தத் துண்டுக்கு எந்த ரகம், எந்தச் சுழற்சி என்பதை நிலையத்தாரே எழுதித் தருவதற்கு வசதியாக இருக்கும்.